ஃபோர்ட் கொச்சியில ஹார்பர் ஓரமா தங்கறதும் சாப்பிடறதும்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோயமுத்தூர்ல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் ஃபோர்ட் கொச்சிக்கு போயிட்டு வர்ற குடும்பம் எங்களுது. அப்பா அம்மாவ கூட்டிட்டு போயிருக்கேன், பசங்களோட போயிருக்கேன், நானும் வீட்டுக்காரரும் மட்டும் ரெண்டு நாள் போய் சும்மா உக்காந்துட்டும் வந்திருக்கோம். சொந்தக்காரங்க, அபார்ட்மென்ட்காரங்க, கூட வேலை பாக்கறவங்கன்னு எல்லாரும் திரும்ப திரும்ப இதே கேள்விகளத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா எல்லாருக்கும் ஆகும்னு உக்காந்துட்டேன்.

கொச்சி, எர்ணாகுளம், ஃபோர்ட் கொச்சி எல்லாம் ஒண்ணுதானே அக்கா? ஹார்பர் ஓரம்னா எங்க ரூம் போடணும்?

ஒண்ணு இல்லைங்க, இதுல குழம்பித்தான் நிறைய பேர் எர்ணாகுளம் டவுனுக்குள்ள ரூம் போட்டுட்டு தினமும் ஒரு மணி நேரம் டிராஃபிக்ல உக்காந்திருக்காங்க. ரயில் வந்து நிக்கற பெரிய ஊர் எர்ணாகுளம், அது கிழக்குக் கரை. நடுவுல காயல், அதுல வில்லிங்டன் தீவு. அதையும் தாண்டி மேற்க கடல் வாய்க்கு பக்கத்துல இருக்கறதுதான் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். கடலும் காயலும் சேர்ற அந்த வாய்க்கு வடக்கால வைப்பின், தெக்கால ஃபோர்ட் கொச்சி, துறைமுகத்துக்கு வர்ற எல்லா கப்பலும் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற குறுகலான வழியிலதான் போயாகணும். அதனால சீனவலைங்க (கரையில மரச்சட்டத்துல கட்டித் தொங்கற பெரிய மீன் வலைங்க) இருக்கற முனையில ஆரம்பிச்சு கமலக்கடவு, கல்வத்தி ரோடு வழியா மட்டாஞ்சேரி பக்கம் போற அந்த வடக்குக் கரைதான் நான் சொல்ற ஹார்பர் ஓரம். புக் பண்றப்ப மேப்ப திறந்து அந்த ரோட்டுல ஓட்டல் இருக்குதான்னு பாருங்க, பேர்ல ஹார்பர்னு இருக்கறத மட்டும் நம்பாதீங்க.

அப்படி என்ன பழைய துறைமுகம் அது?

1341-ல பெரியாத்துல வந்த பெரு வெள்ளத்துல கொடுங்கல்லூர் பக்கம் இருந்த முசிறி துறைமுகம் மண்ணு மூடி போயிடுச்சு, அதே வெள்ளம் இங்க கொச்சியில வாயத் திறந்து விட்டுடுச்சுன்னு சொல்றாங்க. சங்கப் பாட்டுல யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பிப் போகும்னு படிச்சோமே, அந்த முசிறிதான். அதோட வியாபாரம் எல்லாம் இங்க வந்துடுச்சு. அப்புறம் போர்ச்சுகீசியர் 1503-ல கோட்டை கட்டினாங்க, 1663-ல டச்சுக்காரங்க புடிச்சாங்க, 1795-ல பிரிட்டிஷ்காரங்க. வாஸ்கோடகாமா 1524 டிசம்பர் 24-ம் தேதி இந்த ஊர்லதான் செத்தாரு, இங்க இருக்கற செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச்லதான் அடக்கம் பண்ணியிருந்தாங்க, அப்புறம் 1539-ல எலும்ப போர்ச்சுகலுக்கு எடுத்துட்டு போயிட்டாங்க, அந்த கல்லு மட்டும் இன்னும் சர்ச்சுக்குள்ள இருக்குது. இவ்ளோ இருந்தும் பெரிய கப்பல் உள்ள வர முடியாம வாயில மண் திட்டு மறிச்சுட்டு இருந்திருக்கு, 1920-ல வந்த ராபர்ட் பிரிஸ்டோன்னு ஒரு என்ஜினியர் அத வெட்டி ஆழப்படுத்தி, தோண்டின மண்ண கொட்டித்தான் வில்லிங்டன் தீவையே பெருசாக்குனாரு. நீங்க ரூம் ஜன்னல்ல இருந்து ஒரு கன்டெய்னர் கப்பல் போறத பாக்கறீங்கன்னா அந்த மனுஷன் வேலைதான் அது.

எந்த ஓட்டல்ல தங்கலாம், பேரு சொல்லுங்க?

பட்ஜெட்ட பொறுத்துத்தான். காசு செலவு பண்ண தயார்னா கல்வத்தி ரோட்டுல பிரண்டன் போட்யார்டு, விக்டோரியா ராணி காலத்துல கப்பல் கட்டற பட்டறை இருந்த இடத்துல கட்டின ஓட்டல், வைப்பின் படகுத்துறைக்கு ஒட்டின மாதிரி இருக்கும், மொத்தமே இருபத்தி சொச்சம் ரூம்தான். அதே ரோட்டுல ஃபோர்ட் ஹவுஸ்னு ஒண்ணு இருக்கு, அது கொஞ்சம் எளிமை, ஆனா தண்ணி மேலயே ஒரு ஜெட்டி மாதிரி நீட்டி அதுல டேபிள் போட்டிருப்பாங்க. சீனவலைக்கு எதிர்ல டச்சுக்காரங்க காலத்து கட்டடத்துல ஓல்டு ஹார்பர் ஓட்டல், அதுக்கு தோட்டம் ரொம்ப அழகு. எதிர்க்கரையில தங்கிக்கலாம்னா வில்லிங்டன் தீவு முனையில தாஜ் மலபார் இருக்கு, போல்காட்டி தீவுல டச்சுக்காரங்க 1744-ல கட்டின மாளிகை இருக்கு, அத இப்போ கேரளா டூரிசம் கார்ப்பரேஷன் ஓட்டலா நடத்துது. இந்த ரெண்டும் ஹார்பர் ஓரம்தான், ஆனா சாயங்காலம் செருப்ப மாட்டிட்டு வலை கிட்ட நடந்து போற சுகம் அங்க கிடையாது. எனக்கு அந்த நடைதான் முக்கியம், அதனால நான் எப்பவும் ஃபோர்ட் கொச்சி பக்கம்தான். கை கடிக்கும்னா உள்ள தெருக்கள்ல வீட்டோட வீடா நடத்தற ஹோம்ஸ்டே நிறைய இருக்கு, அங்க தங்கிட்டு ஒரு வேளை சாப்பாடு மட்டும் தண்ணி ஓரமா வெச்சுக்கலாம், அதுவும் நல்ல கணக்குதான்.

ஹார்பர் வியூ ரூமுக்கு கூட காசு கேக்கறாங்களே, குடுக்கலாமா?

குடுக்கலாம், ஆனா எழுத்துல கேட்டு வாங்கிட்டு குடுங்க. நாங்க முதல் தடவை போனப்ப, ஒரு ஓட்டல்ல ஹார்பர் வியூன்னு போட்டு கூட ரெண்டாயிரம் வாங்கிட்டாங்க, போய் பாத்தா ஜன்னலத் திறந்தா பக்கத்து குடோன் சுவரு, பால்கனி ஓரத்துக்கு போய் கழுத்த வளைச்சு எட்டிப் பாத்தா ஒரு முழம் தண்ணி. அம்மா ரெண்டு நாளும் அந்த ஓரத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தது எனக்கு இன்னும் மனசுல இருக்கு. அதுக்கப்புறம் புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி மூணு விஷயம் கேட்டுருவேன்: கட்டில்ல உக்காந்தாலே தண்ணி தெரியுமா, முன்னாடி மரமோ மதிலோ மறைக்குதா, எந்த மாடி. அப்புறம் அந்த ரூம் நம்பர மெயில்ல போட்டு அனுப்ப சொல்லிருவேன். நல்ல ஓட்டல்காரங்க இதுக்கு கோவிச்சுக்கவே மாட்டாங்க.

ஏன் இவ்ளோ புடிவாதம்னா, இங்க ரூம்ல உக்காந்து பாக்கறதே ஒரு நாள் பொழுது. காலைல அஞ்சரைக்கு மீன் புடிக்கற சின்ன வள்ளங்க வரும், ஆறு மணிக்கு மேல வைப்பின் போட் ஓட ஆரம்பிச்சு ஸ்கூல் பசங்க, ஆபீஸ் போறவங்க, பைக்கோட ஜங்கார்ல (வண்டி ஏத்தற தட்டைப் படகு) ஏர்றவங்கன்னு போயிட்டே இருப்பாங்க, திடீர்னு எங்கயோ ஒரு ஹாரன் அடிக்கும், நிமிந்து பாத்தா ஜன்னல் முழுக்க ஒரு கப்பல் போயிட்டு இருக்கும், ரூமே நகர்ற மாதிரி இருக்கும். நேவியோட தெற்குப் பிரிவு தலைமையிடம் இந்த ஊர்லதான், அதனால போர்க்கப்பலும் பாக்கலாம். பொறுமையா உக்காந்தா டால்ஃபினும் தெரியும், எங்க பையன் ஒரே காலைல நாலு எண்ணினான். ஊரச் சுத்தணும்னு காலைல கிளம்பி ராத்திரி தூங்க மட்டும் ரூமுக்கு வர்றவங்க அந்த ரேட்ட குடுக்கவே வேண்டாங்க, உள்ள தெருவுல தங்கிக்குங்க.

ரூம்ல இருந்தே சன்செட் தெரியுமா?

ஹார்பர் கரை வடக்குப் பாத்தது, சூரியன் மறையறது இடது கைப் பக்கம் கடல் வாயில. அதனால நேரா தெரியாது, பால்கனி இருந்தா ஓரமா தெரியும். முழுசா பாக்கணும்னா நடந்து பீச் பக்கம் போயிருங்க, வலைங்களுக்கு பின்னாடி இறங்கறத பாக்கலாம்.

ராத்திரி தூக்கம் வருமா? சத்தம் எப்படி?

சத்தம் இருக்கும், மறைக்க மாட்டேன். படகு இன்ஜின், கப்பல் ஹாரன், விடியக்காலம் பள்ளிவாசல் பாங்கு, ஞாயித்துக்கிழமை சர்ச் மணி, எல்லாம் ஒரே ஊர்ல. எனக்கு அது புடிக்கும். தூக்கம் லேசா இருக்கறவங்க படகுத்துறைய ஒட்டின ரூம் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிருங்க.

நம்மூர்ல இருந்து எப்படிப் போறது?

சென்னைல இருந்துன்னா ஆலப்பி எக்ஸ்பிரஸ், திருவனந்தபுரம் மெயில் மாதிரி ராத்திரி வண்டிங்க, எர்ணாகுளத்துல இறங்கணும். அங்க இருந்து டாக்ஸி புடிச்சா வில்லிங்டன் தீவு, தோப்பும்படி வழியா சுத்திட்டுத்தான் போகும். லக்கேஜ் கம்மின்னா தயவு செஞ்சு தண்ணி வழியா போங்க. ஹைகோர்ட் டெர்மினல்ல இருந்து வாட்டர் மெட்ரோ ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரல்ல இருந்து ஓடுது, பேட்டரி படகு, ஏசி, நாங்க போனப்ப 40 ரூபாய். எர்ணாகுளம் போட் ஜெட்டியில இருந்து அரசாங்க போட்டும் இருக்கு, அது அதவிட ரொம்ப ரொம்ப கம்மி, காத்து மூஞ்சில அடிக்கும், பல வருஷமா அந்த ஊர் சனம் வேலைக்கு போற வழி அது. முதல் தடவை வர்றவங்க ஒரு துறைமுக ஊருக்குள்ள படகுல வந்து இறங்கறதும் கார்ல வந்து இறங்கறதும் ஒண்ணே இல்ல, அத நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பேன். லீவு நாள்ல வாட்டர் மெட்ரோவுக்கு க்யூ நீளமா நிக்கும், அத மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

ஃப்ளைட்ல வந்தா நெடும்பாசேரி, அங்க இருந்து ஃபோர்ட் கொச்சி சுமார் 40 கிலோமீட்டர், சாயங்கால டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் கூட ஆயிடும்.

கார்ல வர்ற கோயமுத்தூர்க்காரங்களுக்கு: வாளையார், பாலக்காடு, குதிரான் டனல், திருச்சூர் தாண்டி வந்து, எர்ணாகுளம் டவுனுக்குள்ள மாட்டிக்காம களமசேரில இருந்து வல்லார்பாடம் போற கன்டெய்னர் ரோட புடிச்சிருங்க. அதுல வந்து கோஸ்ரீ பாலம் ஏறி வைப்பின் வந்துட்டா, கார ஜங்கார்ல ஏத்தி அக்கரையில ஃபோர்ட் கொச்சியில இறக்கிறலாம். கார் லாரி எல்லாம் ஏத்திட்டு போற தட்டையான படகத்தான் அங்க ஜங்கார்ங்கறாங்க, கொஞ்ச நிமிஷம்தான் பயணம். ரெண்டு ஜங்கார்ல ஒண்ணு ரிப்பேர்னா க்யூ பெருசா நிக்கும், அன்னைக்கு மட்டும் ரோடு வழியா போங்க. ஓட்டல்ல பார்க்கிங் உண்டான்னு கட்டாயம் கேளுங்க, உள்ள தெரு எல்லாம் டச்சுக்காரன் காலத்து அகலம்தான்.

வயசானவங்கள கூட்டிட்டு போலாமா?

தாராளமா. ஊரு சமதரை, நடக்க சுலபம். ஓட்டல்லதான் கவனிக்கணும். பழைய கட்டடங்கள்ல மரப்படி செங்குத்தா இருக்கும், லிஃப்ட் இல்லாத இடங்க உண்டு, வாசப்படி உயரமா இருக்கும், சில இடத்துல பழைய காலத்து கட்டில் ஸ்டூல் போட்டு ஏர்ற உசரத்துல இருக்கும், எங்க மாமியார் ராத்திரி எந்திரிக்கறப்ப பயந்துட்டாங்க. கீழ் மாடி ரூம், சாதா உயரக் கட்டில், பாத்ரூம்ல கைப்பிடி, இது மூணையும் கேட்டு வாங்குங்க. படகுல ஏறி இறங்க ஆளுங்க கை குடுப்பாங்க, வாட்டர் மெட்ரோவுல ஜெட்டி தண்ணியோட சேந்து ஏறி இறங்கற மாதிரி செஞ்சிருக்கறதால அது இன்னும் சுலபம்.

எந்த மாசம் போறது நல்லது?

டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வெயில் தாங்கும். மார்ச் ஏப்ரல் மே வேர்த்துக் கொட்டும், காத்து இல்லைன்னா புழுக்கம்தான். ஜூன்ல மழை ஆரம்பிச்சிரும், ஆனா நான் ஒண்ணு சொல்றேன், நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க: மழை மாசத்துல ஹார்பர் ரூம் எடுத்துப் பாருங்க. ரேட் கம்மி, கூட்டம் இல்ல, கடல் வாயில இருந்து மழை திரை மாதிரி நடந்து வர்றத ஜன்னல்ல உக்காந்து பாக்கலாம், எதிர்க்கரை வைப்பின் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு போயிரும், அப்புறம் படகோட லைட் மட்டும் தெரியும். அந்த மாசங்கள்ல காயல்ல இருந்து ஆகாயத்தாமரை பச்சை பச்சையா மிதந்து வந்து வலையெல்லாம் அடைச்சுக்கும், பாக்க அழகா இருந்தாலும் வலைக்காரங்களுக்கு அது பெரிய தொல்லை.

டிசம்பர் 31 பத்தி தனியா சொல்லணும். வருஷக் கடைசில நடக்கற கொச்சி கார்னிவல்ல அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு பாப்பாஞ்சின்னு ஒரு பெரிய தாத்தா பொம்மைய எரிப்பாங்க, போற வருஷத்துக்கு விடை குடுக்கறது. அதுக்கு வர்ற கூட்டம் சாதாரண கூட்டம் இல்ல, ரோடு மூடிருவாங்க, போட்டுக்கு நீள க்யூ. ஓட்டல்ல அன்னைக்கு சாப்பாட்டோட சேத்துத்தான் ரூம் குடுப்பாங்க, ரேட் பல மடங்கு. சின்னக் குழந்தை, வயசானவங்க கூட இருந்தா அந்த தேதிய விட்ருங்க. பினாலே நடக்கற சீசன்லயும் ரூம் கிடைக்கறது கஷ்டம், 2012 டிசம்பர் 12-ல ஆரம்பிச்ச கலைக் கண்காட்சி அது, பழைய மிளகு குடோன், ஆஸ்பின்வால் கம்பெனி கட்டடம்னு தண்ணி ஓரத்துல இருக்கற இடங்கள்லயே நடக்கும். அதுக்காகவே ஒரு தடவை போகலாம், ரெண்டு மாசம் முன்னாடி புக் பண்ணிருங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். என்ன மீன் கேக்கறது? மெனுல இருக்கற பேரே புரியலையே?

இத நான் கேக்கறவங்களுக்கெல்லாம் பேப்பர்ல எழுதியே குடுத்திருக்கேன். அங்க நெய்மீன்னா நம்ம வஞ்சிரம். ஆவோலின்னா வாவல். காளாஞ்சின்னா கொடுவா. அயிலன்னா கானாங்கெளுத்தி. நத்தோலி நெத்திலி. செம்மீன் இறால், கூந்தல்னா கணவா. மத்தி ரெண்டு ஊர்லயும் மத்திதான், நம்ம பக்கம் சில ஊர்ல சாளைம்பாங்க.

கரிமீன் காயல் மீன், கடல் மீன் இல்ல, அத வாழை இலையில மசாலாவோட சுத்தி தோசைக்கல்லுல வாட்டித் தர்றதுதான் கரிமீன் பொள்ளிச்சது. முள்ளு ஜாஸ்தி, குழந்தைக்கு குடுக்கறப்ப பாத்து. மெனுல எடை போடாம விலை மட்டும் போட்டிருந்தா மீனை கொண்டு வந்து காட்ட சொல்லுங்க, நல்ல ஓட்டல்ல சந்தோஷமா காட்டுவாங்க. காரம் தாங்காதவங்களுக்கு மீன் மோலி, தேங்காப்பால்ல மஞ்சளா லேசா இருக்கும், ஆப்பத்தோட தொட்டுக்க அதவிட ஒண்ணு வேணுமா. காரம் வேணும்னா கொடம்புளி போட்ட செவப்பு மீன்கறியும் மரவள்ளிக்கிழங்கும், அத கப்பைம்பாங்க. மாங்கா போட்ட மீன்கறி இருந்தா அத விடாதீங்க. முதல் நாள் வெச்ச கொடம்புளிக் குழம்பு அடுத்த நாள் தான் ருசி, காலைல ஆப்பத்துக்கு அந்த பழைய குழம்பு கிடைக்குமான்னு கேட்டுப் பாத்தேன், சமையல்காரர் சிரிச்சுட்டு ஒரு கிண்ணம் கொண்டு வந்து வெச்சாரு.

இந்த ஊரு சாப்பாட்ட ஒரு துறைமுக சாப்பாடா நெனச்சு சாப்பிடணும்ங்க. வினிகர் போட்டு செய்யற விண்டாலு போர்ச்சுகீசியர் வழி, வாத்து ரோஸ்ட்டும் ஸ்டியூவும் சிரியன் கிறிஸ்தவங்க வீட்டுது, முட்டையும் திராட்சையும் போட்ட ப்ரூடர்னு ஒரு ரொட்டி டச்சுக்காரங்க விட்டுட்டு போனது, ஃபோர்ட் கொச்சில ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க இன்னும் அத விரும்பி சாப்பிடறாங்க. நம்ம குழம்புல போடற மிளகாயே போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்ததுதானே, அவங்க வர்ற வரைக்கும் காரத்துக்கு மிளகுதான். பிரண்டன் போட்யார்டுல இருக்கற ஹிஸ்டரின்னு ரெஸ்டாரண்ட்ல இந்த ஒவ்வொரு சமூகத்தோட சமையலையும் தேடி எடுத்து மெனுல வெச்சிருக்காங்க, அங்க தங்காட்டியும் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு போலாம், முன்னாடியே டேபிள் சொல்லிருங்க.

ஜூன் 9 நடுராத்திரில இருந்து ஜூலை 31 வரைக்கும் 52 நாள் கேரளாவுல டிராலிங் தடை, விசைப்படகுங்க போகாது. பாரம்பரிய வள்ளங்க போகும், அதனால மீனே இல்லாம போகாது, ஆனா பெரிய மீன் ஐஸ்ல வெச்சதா இருக்கலாம், விலையும் ஏறும். அந்த நாள்ல இன்னைக்கு என்ன புதுசா வந்ததுன்னு கேட்டு அத மட்டும் சாப்பிடுங்க, மத்தியா இருந்தாலும் சரி.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம். ஆப்பம், இடியாப்பம், காய் போட்ட ஸ்டியூ, புட்டு கடலைக்கறி, அவியல், எரிசேரி, இதுக்கே ரெண்டு நாள் பத்தாது. மட்டாஞ்சேரில பல தலைமுறையா குஜராத்திக்காரங்களும் கொங்கணிக்காரங்களும் இருக்காங்க, அதனால குஜராத்தி தெருப் பக்கம் சைவச் சாப்பாடும் இனிப்பும் நல்லாவே கிடைக்கும். தேங்கா எண்ணெய் வாசம் ஒத்துக்காதவங்க ஆர்டர் குடுக்கறப்பவே வேற எண்ணெய்ல செய்ய சொல்லுங்க. தனி பாத்திரம் வேணும்னு இருக்கறவங்க ஓட்டல்ல நேரா கேட்டுக்கங்க, இல்லைன்னா சைவ ஓட்டலுக்கே போயிருங்க, மனசு நெருடலோட சாப்பிடறதுல என்ன இருக்கு.

மூணு வேளையும் ஓட்டல்லயே சாப்பிடணுமா?

வேண்டாங்க. காலை சாப்பாடு ரூமோட சேந்து வரும், அத தண்ணி பக்கத்து டேபிளாப் பாத்து ஏழரைக்கே போய் நிதானமா சாப்பிடுங்க, ஒம்பது மணிக்கு மேல நல்ல டேபிள் கிடைக்காது. மதியத்துக்கு மட்டாஞ்சேரில காயிக்கா பிரியாணி, ரஹ்மத்துல்லா ஓட்டல்னு இருக்கும், நம்ம சீரக சம்பா மாதிரி குட்டி அரிசி, மசாலா நம்மூர் பிரியாணி அளவு தூக்கலா இருக்காது, நேரமா போகலைன்னா தீந்துரும். ராத்திரி மட்டும் ஹார்பர் ஓரமா. இருட்டினதுக்கு அப்புறம் தண்ணில கப்பல் லைட் ஆடறத பாத்துட்டு சாப்பிடறதுக்கு ஒரு தடவையாச்சும் காசு குடுக்கலாம்.

வலை கிட்ட மீன் வாங்கி பக்கத்து கடையில பொரிச்சுத் தர்ற இடங்க இருக்கும். விலைய முதல்லயே பேசிக்கங்க, மீனுக்கு எவ்ளோ, பொரிக்க எவ்ளோ, ரெண்டும் தனித்தனி. செவுள தூக்கிப் பாருங்க, செவப்பா இருந்தா வாங்குங்க.

பில்லுல வரி எவ்ளோ வரும்?

2025 செப்டம்பர் 22-ல இருந்து ரூம் வாடகை ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேலன்னா 18. அதனால 7,600 ரூபாய் ரூமும் 7,400 ரூபாய் ரூமும் இருநூறு ரூபாய் வித்தியாசம் இல்ல, கணக்கு போட்டுப் பாருங்க, ஆயிரத்துக்கு மேல போகும். 7,500-க்கு மேல வாடகை வாங்கற பெரிய ஓட்டல்ல சாப்பாட்டு பில்லுக்கும் 18 வரும், வெளிய சாதாரண ரெஸ்டாரண்ட்ல 5-தான். சர்வீஸ் சார்ஜ்னு தனியா போட்டிருந்தா அது கட்டாயம் இல்ல, வேண்டாம்னா எடுக்க சொல்லலாம். நான் எடுக்க சொல்லிட்டு நல்லா கவனிச்ச பையன் கையில நேரா குடுத்துருவேன்.

தண்ணி ஓரம்னா கொசு?

இருக்கு. கொச்சி கொசு பேர் போனது. ஆறு மணில இருந்து எட்டு மணி வரைக்கும் வெளிய உக்காரறதுன்னா முழுக்கை, முழுக்கால் துணி, கொசு க்ரீம். குழந்தைக்கு சாக்ஸ்.

குழந்தைங்களோட போனா பயமில்லையா?

தண்ணி ஓரத்து புல்தரையில நிறைய இடத்துல சுவரு முட்டி உசரம்தான் இருக்கும், கைய விடாதீங்க, அவ்ளோதான். கடல்ல குளிக்க விடாதீங்க, இழுப்பு ஜாஸ்தி, தண்ணியும் சுத்தம் இல்ல, பிளாஸ்டிக் குப்பை கரை ஒதுங்கிக் கிடக்கும், பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். சாயங்காலம் ஓட்டல் படகுல ஹார்பர சுத்திக் காட்டுவாங்களான்னு கேளுங்க, சில ஓட்டல்ல தங்கறவங்களுக்கு அது இலவசம். இல்லைன்னா வைப்பினுக்கு சும்மா போட்ல போயிட்டு திரும்பி வாங்க, எங்க பசங்க ஒரே சாயங்காலம் மூணு தடவை போயிட்டு வந்தாங்க.

இன்னொண்ணு, கோடையில மேற்குக் கொச்சில குடிதண்ணி தட்டுப்பாடு வரும், ஊர்க்காரங்க டேங்கருக்கு காத்திருப்பாங்க. நம்ம ரூம்ல கொழாய் ஓடிட்டே இருக்கும். பாத்டப் நெரப்பாதீங்க, அத மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

சீனவலை இழுக்க விடறாங்களாமே, காசு கேப்பாங்களா?

விடுவாங்க, குடுக்கறது நியாயம்தான். அந்த வலை ஒண்ண இழுக்க நாலஞ்சு ஆளு வேணும், ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயித்துல பெரிய பெரிய கல்லு, தராசு மாதிரி. சீனாக்காரங்க கொண்டு வந்ததுன்னு ஒரு பேச்சு, சீனாவுல இருக்கற மக்காவ்ங்கற ஊர்ல இருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்ததுன்னு இன்னொரு பேச்சு. இப்ப வலையில வர்ற மீனு ஒரு கைப்பிடி தேறினா பெருசு, மரத்த மாத்தற செலவு எக்கச்சக்கம். ஃபோட்டோ எடுத்துட்டு சும்மா நகந்துராதீங்க, முன்னாடியே ஒரு தொகை பேசிட்டு நின்னு இழுங்க, பாட்டு மாதிரி குரல் குடுத்துட்டு இழுப்பாங்க.

எந்த நாள் எது மூடியிருக்கும்?

மட்டாஞ்சேரி யூத ஜெபாலயம், 1568-ல கட்டினது, வெள்ளியும் சனியும் கிடையாது. டச்சு அரண்மனை வெள்ளிக்கிழமை லீவு, உள்ள ராமாயண சுவரோவியம் இருக்கு, அத பாக்காம வராதீங்க. மாசம் 1-ம் தேதி கேரளாவுல மதுவுக்கு டிரை டே, ஓட்டல்ல பீர் ஒயின் எதிர்பாக்கறவங்க தேதிய பாத்துக்கங்க. ஆட்டோக்காரர் அம்பது ரூபாய்க்கு ஊர் முழுக்க சுத்திக் காட்டறேன்னா நடுவுல நாலு மசாலா கடைல இறக்கி விடுவாரு, கடைக்காரர் கமிஷன் குடுப்பாரு, நேரம் இருந்தா போங்க, இல்லைன்னா கடை வேண்டாம்னு சொல்லி நியாயமான காசு பேசிக்கங்க.

ஓட்டல் பெட்ஷீட் எல்லாம் அவ்ளோ வெள்ளையா இருக்கே, எங்கதான் துவைக்கறாங்க?

இந்த கேள்விய எங்க அம்மாதான் கேட்டாங்க, கேட்டதால ஒரு நல்ல இடம் கிடைச்சது. ஹார்பர்ல இருந்து ஆட்டோவுல கொஞ்ச தூரத்துல வெளின்னு ஒரு பகுதி, அங்க தோபிகானா இருக்கு, 1976-ல கட்டிக் குடுத்தது. கோட்டையில இருந்த பட்டாளத்துக்காரங்க உடுப்பு துவைக்க தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்த வண்ணார் குடும்பங்களோட வழி வந்தவங்க இன்னும் அங்க கையால துவைக்கறாங்க, ஓட்டல் துணி, ஆஸ்பத்திரி துணி, வீட்டுத் துணி எல்லாம் வரும். கஞ்சி போட்டு, கிளிப்பே இல்லாம முறுக்கின கயித்து நடுவுல துணி முனைய சொருகி காய வெப்பாங்க, காத்துல எல்லாம் ஒரே பக்கமா படபடக்கும். உள்ள பொட்டிக்கடை சைஸ் அறையில ஒரு பெரியவர் கரி இஸ்திரிப் பெட்டியால துணி தேச்சுட்டு இருந்தாரு, அம்மா தமிழ்ல பேச்சுக் குடுத்ததும் நிமிந்து எந்த ஊருங்கம்மான்னு தமிழ்லயே கேட்டாரு, மலையாள இழுவை கொஞ்சம் கலந்த தமிழ். அரை மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க ரெண்டு பேரும். காலைல போனா வேலை நடக்கறத பாக்கலாம், உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க, ஃபோட்டோவும் கேட்டுட்டு எடுங்க, கைல ரெண்டு சட்டை இருந்தா தேய்க்கக் குடுங்க.